முதலில் சுவரைப் பார்

மஃரிப் பாங்கு சொன்ன பிறகு ஏறத்தாழ இருபது நிமிடம். இலங்கையின் கல்முனைக்குடிக் கரையில் படம் எடுப்பவனுக்கு வானம் தரும் தவணை அவ்வளவுதான். எங்களுக்குக் கடல் கிழக்கே. சூரியன் ஊரின் முதுகுப்புறம், வயல்வெளிகளுக்கு அப்பால் போய் இறங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் உள்ள கரைக்கு நீண்ட அந்தி வாய்ப்பதில்லை. வெளிச்சம் பாதியாகும், அந்தப் பாதி மறுபடி பாதியாகும். முதலில் தோணிகளின் நிறம் போகும். பிறகு தென்னைக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்த கோடு போகும். கடைசியாகப் பக்கத்தில் நிற்பவரின் முகம் போகும்.

கடற்கரைப் பள்ளியில் கூட்டம் நிறைவது அந்த நேரத்தில்தான். கொடியேற்றத்துக்கு நான் முதன்முதலாகக் கெமராவோடு போன வருடம், ஒரே இரவில் முந்நூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது ஒரு முகம்கூட முகமாக இல்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி எல்லாம் இழுபட்டுக் கிடந்தன.

மறுநாள் காலை, பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு மூத்தவரிடம், எங்கள் பேச்சில் ஒரு காக்காவிடம், அவற்றைக் கொண்டுபோனேன். பிலிம் காலத்திலிருந்தே எங்கள் ஊர்க் கலியாணங்களை எடுத்தவர். "சரியான இருட்டு காக்கா. ஒண்டும் செய்யேலாமப் போயிட்டு" என்றேன். அவர் நான் காட்டிய முகங்களைப் பார்க்கவே இல்லை. படத்தின் மூலையில், ஆட்களுக்குப் பின்னால் தெரிந்த பள்ளிச் சுவரில் விரலை வைத்தார்.

"முதல்ல செவரப் பாரு தம்பி."

நான் விழித்தேன். அவர் விளக்கினார். எந்தப் படத்திலும் அசையாத ஒன்று இருக்கும். சுவர், தூண், கம்பம், எதுவோ ஒன்று. முகத்தோடு சேர்ந்து சுவரும் இழுபட்டிருந்தால் ஆடினது உன் கை. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அசைந்தது ஆள். சுவர் தெளிவு, ஆளிலும் இழுவை இல்லை, ஆனால் முகம் பஞ்சு மாதிரி மெத்தென்று கிடந்தால், நீ அந்த ஆளைப் பார்க்கவே இல்லை, சுவரைத்தான் பார்த்திருக்கிறாய். "மூணும் மூணு வருத்தம். நீ மூணுக்கும் இருட்டெண்டு ஒரே பேர வச்சிக்கிட்டு வந்து நிக்கிறாய்" என்றார்.

அன்று தொடங்கிய பாடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

ஊர் கடற்கரைப் பள்ளி என்று சொல்லும் அந்த இடம், நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் எழுந்த தர்கா. அவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அடக்கமாகியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். கடலோடிகளுக்குக் காவல் என்று அவரை நம்பிய மக்கள், பாய்மரம் போன கரைகளுக்கெல்லாம் அவர் பெயரையும் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு. எங்கள் கரையிலும் அப்படித்தான்: கபுறு இங்கே இல்லை, நினைவு இருக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இங்கே கொடி ஏறுகிறது. ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையோடு தொடங்கிப் பன்னிரண்டு நாள் மவ்லித் ஓதுவார்கள், முடிவில் கந்தூரி.

படம் எடுக்கப் போன பிறகுதான் இந்தக் கணக்கின் அழகு எனக்குப் புரிந்தது. கொடி ஏறும் இரவில் பிறை ஊர்ப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறைந்துவிடும். கடல் முழுக் கறுப்பாக இருக்கும். அடுத்தடுத்த இரவுகளில் நிலா கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, கந்தூரி நெருங்கும்போது கடலுக்கு மேலே பெரிதாக நிற்கும். பன்னிரண்டு நாளில் அந்தக் கரை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடக்கிறது. அவசரப்படாதவனுக்கு இருட்டே மெல்ல மெல்ல இடம் கொடுக்கும் என்பதை வானமே பாடமாக எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் முதல் இரவும் எனக்கு வேண்டும். கொடி ஏறுவது முதல் நாளில்தானே. ஆகவே காக்கா சொன்ன மூன்று வருத்தங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.

முதலாவது, கை. பழைய படப்பிடிப்பாளர்களிடம் ஒரு கணக்கு உண்டு. 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் ஷட்டர் 1/50 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது. 200 மில்லிமீற்றர் என்றால் 1/200. தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் லென்ஸ், கையின் நடுக்கத்தையும் அதே அளவு பெருக்கிக் காட்டும். எங்களில் பலர் வைத்திருக்கும் சிறிய சென்சர் கெமராக்களில் இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ள வேண்டும். 50க்கு 1/80 பாதுகாப்பு. தூரத்தில் நின்றுகொண்டு பெரிய லென்ஸால் முகங்களைப் பிடிக்கப் பார்த்ததுதான் என் முதல் வருடத்துத் தவறு. பக்கத்தில் போ, சின்ன லென்ஸைப் போடு என்றார் காக்கா. பக்கத்தில் போக வேண்டுமென்றால் அந்த மனிதர்கள் என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும். சலாம் சொல்ல வேண்டும், சுகம் விசாரிக்க வேண்டும், கெமராவை இறக்கி வைத்துவிட்டுச் சற்று இருக்க வேண்டும். நடுக்கத்தைக் குறைக்கும் முதல் கருவி உறவு என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு உடம்பு. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்ட வேண்டும். இடது உள்ளங்கை லென்ஸுக்குக் கீழே, தட்டு ஏந்துவது போல. கால்கள் சற்று அகன்று, எடை இரண்டிலும் சமமாக. மூச்சை இழுத்துப் பிடித்தால் நெஞ்சு படபடக்கும். பாதி மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருமுன் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் ஷட்டரை அழுத்த வேண்டும். குத்தக் கூடாது, பழம் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல மெல்ல அமுக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்றாகத் தொடர்ந்து எடுத்தால் பெரும்பாலும் நடுப்படம்தான் தெளிவாக இருக்கும். முதல் படத்தில் விரல் அழுத்தும் அசைவு இருக்கும். கடைசிப் படத்தில் விரலை எடுக்கும் அசைவு இருக்கும்.

சாய்ந்துகொள்ள ஏதாவது கிடைத்தால் ஷட்டரை இன்னும் பாதி மெதுவாக்கலாம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் வேறு ஊரவர். கல்முனைக்கு வடக்கே ஒட்டினாற்போல் பாண்டிருப்பு. அங்கே திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு பேர்போனது. ஒரு வருடம் நானும் போனேன். கூட்டத்தில் இடிபட்டுத் தள்ளாடி நின்றவனை, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர் தோளைப் பிடித்து மதில் பக்கம் நகர்த்திவிட்டார். "இதில சாஞ்சி நிண்டு எடுங்க தம்பி, கை ஆடாது" என்றார். நான் யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. என் தலையில் தொப்பி இருந்தது. அதையும் அவர் பார்த்திருப்பார். அன்று கோயில் மதிலில் முதுகை வைத்து எடுத்த படங்களில் நெருப்பின் வெளிச்சம் பட்ட முகங்கள் நூல் நூலாகத் தெளிந்து வந்தன.

இரண்டாவது வருத்தம், எதிரில் இருப்பவரின் அசைவு. புதிய கெமராக்களும் லென்ஸ்களும் கை நடுக்கத்தைத் தாங்களே சமன்செய்கின்றன. ஐந்து படி வரை மெதுவாக்கலாம் என்று சொல்லி விற்கிறார்கள். முப்பத்திரண்டு மடங்கு அது. நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கருவி நிறுத்துவது என் ஆட்டத்தை மட்டும். ரபான் தட்டும் கையை அது நிறுத்தாது. துள்ளும் பிள்ளையை நிறுத்தாது. என்னை நான் எவ்வளவு அடக்கிக்கொண்டாலும் அடுத்தவரை அடக்கும் உரிமை எனக்கு வந்துவிடாது.

அப்படியானால் என்ன வழி? ஒரு பகல் மருதமுனையில் ஒரு தறிக்கொட்டிலில் இருந்தேன். கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். கூரை ஓட்டுக்கு நடுவே கசியும் வெளிச்சம்தான் உள்ளே. நாடா இடமும் வலமும் பறந்துகொண்டிருந்தது. எடுத்த படத்திலெல்லாம் அது ஒரு வெள்ளைக் கோடு. சலித்துப்போய்க் கெமராவை மடியில் வைத்துவிட்டு வெறுமனே பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. நாடா ஒவ்வொரு ஓரத்துக்கும் போய்ச் சேர்ந்ததும், திரும்புமுன் ஒரு கணம் நிற்கிறது. நெய்கிறவரின் தோளும் அந்தக் கணத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் நாடாவைத் துரத்தவில்லை. ஓரத்தில் காத்திருந்தேன்.

அன்று மாலை கடற்கரைக்கு வந்து அலையைப் பார்த்தேன். மணலில் ஏறி வரும் அலை, இறங்குமுன் ஒரு கணம் நிற்கிறது. ரபான் தட்டும் கை, உச்சியில் நிற்கிறது. பொல்லடி ஆடுகிறவர்களின் கம்புகள் மோதியதும், பிரியுமுன் நிற்கின்றன. ஊஞ்சல் நிற்கிறது. மூச்சு நிற்கிறது. திரும்புகிற எதுவும் ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. பொல்லடியின் நடுவேகத்தை நிறுத்த 1/500 நொடி வேண்டும். அவ்வளவு வெளிச்சம் எந்த இரவு விழாவிலும் இராது. கம்புகள் மோதும் அந்தக் கணத்துக்கு 1/125கூடப் போதும். பாட்டின் தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டவனுக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்று முன்பே தெரியும். அதனால் இருட்டில் படம் எடுப்பவனுக்குக் கண்ணுக்கு முன் காது திறந்திருக்க வேண்டும்.

வேகம் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிய காலமும் எனக்கு இருந்தது. விழாக் கடைகளின் மலிவான எல்ஈடி குமிழ்கள் அந்த எண்ணத்தைத் திருத்தின. எங்கள் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. அதில் எரியும் அத்தகைய குமிழ் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/500க்கு ஓட்டினால் படத்தின் குறுக்கே கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் விழும். 1/100க்கு அல்லது 1/50க்கு இறங்கினால் பட்டை மறைந்துவிடும். அந்த வெளிச்சத்துக்கென்று ஒரு நடை இருக்கிறது. அதோடு சேர்ந்துதான் நடக்க வேண்டும்.

லென்ஸின் வாயை அகலத் திறந்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், ஓர் அளவுக்கு. கெமராவோடு வரும் லென்ஸின் எப் 5.6ஐ விட, 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் ஒன்பது மடங்குக்கும் கூடுதலாக ஒளியை உள்ளே விடும். விலையும் அதிகமில்லை, இரவு விழாவுக்குப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். கெமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை 3200க்கும் 6400க்கும் ஏற்றவும் அஞ்ச வேண்டாம். படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் வரும். அதைப் பிறகு குறைக்கலாம். இழுபட்ட முகத்தை எந்த மென்பொருளாலும் உண்மையாகத் திருப்பித் தர முடியாது.

ஆனால் ஒளியை எவ்வளவு வாங்கினாலும் நிதானத்துக்கு மாற்று இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் வீட்டாரின் முகங்களை எடுத்துப் பார்த்தபோது ஸ்டான்லி குப்ரிக்கை நினைத்துக்கொண்டேன். 1975இல் வந்த 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுதிரி வெளிச்சக் காட்சிகளுக்கு அவர் பயன்படுத்தியது, நாசாவுக்காக சைஸ் நிறுவனம் செய்த 50 மில்லிமீற்றர் எப் 0.7 லென்ஸ். சினிமா அதுவரை கண்டிராத அகலமான கண் அது. அப்படி இருந்தும் நடிகர்கள் பெரிதாக அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அத்தனை அகலத் திறந்த லென்ஸில் தெளிவு விழும் தளம் மெல்லிய தாளைப் போல் ஆகிவிடுகிறது. முகம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் அதைத் தாண்டிவிடும்.

மூன்றாவது வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது. எப் 1.8இல் இரண்டு மீற்றர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூட இல்லை. கண்ணில் வைத்தால் காது மங்கும். சால்வையில் வைத்தால் முகமே போய்விடும். கெமராவின் தானியங்கி போகஸ், இருளும் ஒளியும் சந்திக்கும் கூரான ஓரத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். விழா இரவில் அப்படிப்பட்ட ஓரம் எங்கே இருக்கும்? மின்குமிழ்ச் சரத்தில், கொடித்துணியின் கரையில், ஜரிகையில். ஒரு முறை, மவ்லித் நடக்கையில் கையேந்தி இருந்த ஒரு மூத்தம்மாவை, அவரிடம் கேட்டு, அவர் சிரித்துத் தலையாட்டிய பிறகு எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் அவருக்கு முன்னால் தொங்கிய துணியின் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. அவர் இல்லை. காக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை ஆடல்ல. அவவும் அசையல்ல. நீ ஜரிகையப் பாத்திரிக்காய்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் அந்த மூத்தம்மாவைத்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். கெமராவை என் விருப்பப்படி பார்க்க வைக்காமல், மினுங்குவதைப் பார்க்க விட்டிருக்கிறேன். அதன் பிறகு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் கண்ணுக்கும் இடையிலான ஓரத்தில் அதை நானே நிறுத்தப் பழகினேன். அது பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடியின் விளிம்பில், அல்லது தொப்பியும் நெற்றியும் சேரும் கோட்டில். மினுங்குவது ஒன்று, முகம் வேறொன்று. இரண்டும் ஒரே சாணுக்குள் அடங்கா. எதை விடுவது என்று நான்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பிளாஷ் போட்டால் இத்தனை பாடும் தேவையில்லையே என்பார்கள். பிலிம் காலத்தில் காக்காவும் பிளாஷ் போட்டவர்தான். ஒரு றோலில் முப்பத்தாறு படம், வேறு வழியில்லை. ஆனால் மவ்லித் ஓதும் இடத்தில் அவர் அதைப் போட்டதில்லை. கண்ணை மூடி ஓதுகிறவரின் முகத்தில் வெளிச்சத்தை அறைவது அதபு இல்லை, மரியாதை இல்லை என்பார். படம் எடுப்பதையே மார்க்கத்தின் பேரால் விரும்பாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் கெமராவை உயர்த்துவதும் இல்லை. பிளாஷ் போடாததற்கு இன்னொரு காரணத்தை நானாக யோசித்துக் கண்டேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞர், பார்வையைப் பற்றி அதுவரை செல்வாக்கோடிருந்த ஒரு கொள்கையை மறுத்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்க்கிறோம் என்பது அந்தப் பழைய கொள்கை. இல்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்க்கிறோம் என்று தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் நிறுவினார். இருட்டறைக்குள் சிறு துளை வழியே விழும் பிம்பங்களை ஆராய்ந்தவர் அவர். இன்றைய கெமராவின் மூதாதை அந்த இருட்டறை.

பிளாஷ் அந்தப் பழைய கொள்கைக்கே திரும்பிப் போவது போல எனக்குத் தோன்றுகிறது. நம் ஒளியை எறிந்து, அது பட்டுத் திரும்புவதை மட்டும் வாங்குகிறோம். அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த ஒளி, சாம்பிராணிப் புகையில் தங்கிய மஞ்சள், கடலிலிருந்து வந்த நீலம், எல்லாம் அழிந்துவிடும். பார்ப்பது என்றால் வாங்கிக்கொள்வது. அங்கே என்ன இருக்கிறதோ அதற்கு இடம் கொடுத்துக் காத்திருப்பது.

இவ்வளவும் ஒரு தொழிலின் நுணுக்கங்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். காக்கா தம் கதையைச் சொன்ன நாளில் அது மாறிற்று.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி எங்கள் கரையில் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிரைக் கொடுக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வரிசையாகக் கடலோர வீடுகள் அல்பங்களோடு போயின. அதன் பிறகு வந்த வாரங்களில் ஸ்டூடியோவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படம் எடுக்க அல்ல. எப்போதோ எடுத்த படம் ஒன்று மிச்சமிருக்கிறதா என்று கேட்க. அடையாள அட்டைக்கு எடுத்தது, பாடசாலைக்கு எடுத்தது, யாருடையதோ கலியாணத்தில் ஓரமாக நின்றது, எதுவானாலும் போதும். காக்கா நெகட்டிவ் பெட்டிகளை இரவு பகலாகத் துழாவினார்.

ஒரு உம்மாவுக்கு மகளின் படம் வேண்டியிருந்தது. ஒரு கலியாண வீட்டு இரவில், பெண்களின் குரவைச் சத்தத்துக்கு நடுவே எடுத்த ஒரே ஒரு நெகட்டிவ் கிடைத்தது. பிரிண்ட் போட்டார். அந்தப் பிள்ளை இருந்தாள், முகம் இல்லை. இழுபட்டிருந்தது. "செவரப் பாத்தன் தம்பி" என்றார் காக்கா. "செவரும் இழுபட்டிருந்திச்சி. புள்ள அசையல்ல. அவ எனக்காக அசையாம நிண்டிருக்கா. என்ட கைதான் ஆடியிரிக்கி."

அந்த உம்மா அதையும் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு போனாராம். குறை ஒன்றும் சொல்லவில்லையாம். காக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்து இருட்டைக் குறை சொன்னாலும், அவர் விரல் சுவருக்குப் போகத் தொடங்கியது.

எங்கள் பேச்சில் அமானிதம் என்று ஒரு சொல் உண்டு. நம்பி ஒருவர் நம் கையில் ஒப்படைத்த பொருள். அது நமக்குச் சொந்தமில்லை. சேதமில்லாமல் திருப்பித் தர வேண்டும், அதற்குக் கேள்வி கணக்கும் உண்டு. பணத்துக்கும் நகைக்கும் இரகசியத்துக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். நமக்கு முன்னால் வந்து நிற்கும் முகமும் அமானிதம் என்று காக்காவிடமிருந்து அறிந்தேன். அந்தப் பிள்ளை தன் முகத்தை நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம் அவர் கையில் கொடுத்திருந்தாள்.

இதைக் கெமரா வைத்திருப்பவனுக்கு மட்டும் உரியதென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி ஒட்டி வாழும் கரை இது. ஒரே மொழி, ஒரே காற்று. 1990இல் இங்கே இரு பக்கமும் இரத்தம் சிந்தியது. அந்த வருடங்களில் நாங்கள் ஒருவரையொருவர் மங்கலாகத்தான் பார்த்தோம். கேட்டால், காலம் அப்படி, இருட்டுக் காலம் என்கிறோம். சுவரைப் பார்க்கச் சொன்னால் என்ன தெரியும்? சில வேளை நடுங்கியது நாம். எங்கள் பயத்தில் எதிரில் இருந்த எல்லா முகமும் ஒரே பக்கம் இழுபட்டன. சில வேளை அவர் ஓடிக்கொண்டிருந்தார், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. நிற்கும் கணத்துக்கு நாம் காத்திருக்கவில்லை. பல வேளை இரண்டும் இல்லை. நாங்கள் பார்த்தது முகத்தையே அல்ல. 2019 ஏப்ரலின் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு எத்தனையோ கண்கள் எங்கள் தொப்பியிலும் எங்கள் பெண்களின் அபாயாவிலும் போகஸ் வைத்து நின்றதை நாங்கள் அனுபவித்தோம். திருநீற்றிலும் பொட்டிலும் எங்கள் கண் நின்றுபோன நாட்களும் இருந்தன என்பதை நான் மறைக்க மாட்டேன்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். இந்தக் கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருசேரப் பற்றிய அவருடைய பெருநூல் 2008இல் வெளிவந்தது. இடையில் போர், இடையில் சுனாமி. அவர் மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தார். வெளியூரவர் ஒருவருக்கு எங்களைப் பார்க்க ஏறத்தாழ நாற்பது வருடப் பொறுமை தேவைப்பட்டது. பக்கத்து வீட்டாராகிய நாங்கள் ஒருவரையொருவர் ஒரே பார்வையில் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

காக்கா மவுத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. சென்ற கந்தூரி இரவில் நான் மறுபடியும் கடற்கரைப் பள்ளியில் நின்றேன். நிலா கடலுக்கு மேலே வந்திருந்தது. மவ்லித் முடிந்து துஆ தொடங்கியது. அவ்வளவு நேரமும் அலைமோதிய கூட்டம் கைகளை ஏந்தியது, ஏந்தியதும் நின்றது. பிள்ளைகள்கூட உம்மாமாரைப் பார்த்துவிட்டு நின்றார்கள். ஆயிரம் பேர் ஒன்றாக அசையாமல் நிற்கும் கணம் ஒரு விழாவில் அது ஒன்றுதான். யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. தங்களுக்குள் ஏதோ ஒன்றின் முன்னால் அவர்கள் நின்றார்கள்.

நான் பள்ளிச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். பல வருடங்களுக்கு முன் காக்காவின் விரல் தொட்ட அதே சுவர். முழங்கையை விலாவில் ஒட்டினேன். பத்தடி தூரத்தில் ஒரு முதியவர், பாதி முகத்தில் நிலவும் பாதி முகத்தில் குமிழ் வெளிச்சமுமாக. போகஸை அவர் இமையின் ஓரத்தில் வைத்தேன். 1/15 நொடி, கையால் எடுக்க அஞ்ச வேண்டிய வேகம். பாதி மூச்சை விட்டேன். "ஆமீன்" என்று கூட்டம் ஒரே குரலில் சொல்லி முடித்து அடுத்த வரிக்கு அமைதியானபோது மெல்ல அழுத்தினேன். பிறகு கெமராவைத் தோளில் தொங்கவிட்டுவிட்டு நானும் கையேந்தினேன்.

இரவு வீட்டில் படத்தைத் திறந்ததும் என் கண் முதலில் அவருக்குப் பின்னால் இருந்த தூணுக்குப் போனது. ஆடவில்லை. பிறகு முகத்துக்கு வந்தேன். இமையின் மயிர்கள் தெரிந்தன. கண்ணோரத்தில் திரண்டு, விழாமல் நின்ற ஒரு துளி நீர் தெரிந்தது. அங்கே நின்றபோது வெறுங்கண்ணுக்கு அது தெரியவில்லை.

அந்த இரவில் வெளிச்சம் அதிகமாகிவிடவில்லை. முந்நூறு படம் பாழான அந்த முதல் வருடத்திலும் இதே கரை, இதே குமிழ்கள். இருட்டு அப்படியேதான் இருக்கிறது, இனியும் இருக்கும். நம் முன்னால் நிற்கும் முகத்துக்கு நாம் கடன்பட்டிருப்பது வெளிச்சம் அல்ல. ஆடாத கை, அவர் நிற்கும் வரை காத்திருத்தல், மினுங்குவதை விட்டு அவரையே பார்ப்பது என்ற முடிவு: இம்மூன்றும்தான். இவை மூன்றும் நம் கையில் இருக்கின்றன. அதனால்தான் இருட்டைக் காட்டி எவரும் அமானிதத்திலிருந்து தப்ப முடியாது.